நிஷிகசாயில் 4 வயது மகளோடு சனி ஞாயிறு எங்கே போவது?

கொள்ளிடக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டோக்கியோ நிஷிகசாய்க்கு நாங்கள் வந்து எட்டு மாதம் ஆகிறது. நான், மனைவி, 4 வயதில் ஒரு மகள். எனக்கு ஆபீஸ், ரயில், மறுபடி ஆபீஸ் என்று நாள் ஓடிவிடுகிறது, கஷ்டமெல்லாம் வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கும்தான். மகளுக்கு அடுத்த ஏப்ரலில்தான் யோச்சியென் (மழலையர் பள்ளி). அதுவரை வாரத்தில் ஐந்து நாளும் அம்மாவும் பொண்ணும் நாலு சுவருக்குள்ளேயே இருக்கிறார்கள்.

சனி ஞாயிறு வந்தால் ஏதாவது ஒரு மாலுக்குப் போவோம். போகவர ரயில், மகளுக்கு ஒரு பொம்மை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 8,000 யென் போய்விடுகிறது, ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் எதையும் பார்த்த மாதிரியே இல்லை. டோக்கியோ டவர், ஷிபுயா, அசாகுசா எல்லாம் முதல் இரண்டு மாதத்திலேயே முடிந்துவிட்டது. அங்கேயும் கூட்டத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு நடந்ததுதான் நினைவில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் குப்பை வைக்கிற இடத்தில் எங்கள் பையை மட்டும் எடுக்காமல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிளாஸ்டிக்கையும் எரிகிற குப்பையையும் கலந்துவிட்டோம் போலிருக்கிறது. கீழ் வீட்டுப் பாட்டி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து மனைவிக்கு அக்கம்பக்கத்தார் முகத்தைப் பார்க்கவே கூச்சம். "எட்டு மாசமாச்சு, இந்தத் தெருவுல ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது" என்று நேற்று ராத்திரி சொன்னாள். எனக்கு அது ரொம்ப உறுத்திவிட்டது.

அதனால் கேட்கிறேன். செலவு அதிகம் இல்லாமல், பக்கத்திலேயே, குழந்தையோடு போகிற மாதிரி என்ன இருக்கிறது? மனைவிக்கு ஜப்பானிய மொழி பத்து வார்த்தைதான் தெரியும். அவள் சைவம் வேறு. இங்கே பல வருஷம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மல்லிவிதை எழுதியது:

தம்பி, நான் கசாய் பக்கம் வந்து 13 வருஷம் ஆகிறது. என் மகனுக்கு அப்போது மூன்று வயது. உங்கள் மனைவி சொன்னதை அப்படியே நானும் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சனி ஞாயிறு என்கிற கணக்கை விடுங்கள். உங்கள் மனைவிக்கு வேண்டியது வார நாளில் காலை பத்து மணிக்குப் போக ஓர் இடம். நிஷிகசாய் ஸ்டேஷனில் இருந்து வடக்கே கால் மணி நேரம் நடந்தால் கியோசென் பார்க். அதற்குள்ளேயே எடோகாவா வார்டு நடத்துகிற சின்ன மிருகக்காட்சி சாலை இருக்கிறது. டிக்கெட் கிடையாது. திங்கட்கிழமை மட்டும் லீவு. சிவப்புப் பாண்டா, பெங்குவின், குட்டிக் குரங்கு எல்லாம் உண்டு. என் மகன் சின்னவனாக இருந்தபோது அங்கே கினிப்பன்றியை மடியில் வைத்துத் தடவ விடுவார்கள். அது மூச்சு விடுகிறபோது வயிறு படபடவென்று அடிப்பது கையில் தெரியும். அவன் கையை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பான், வீட்டில் ஒரு நிமிஷம் உட்காராத பிள்ளை. அதே பார்க்கில் குளமும் பாலமும் வைத்த ஜப்பானியத் தோட்டமும் இருக்கிறது. குழந்தை களைத்த பிறகு நீங்கள் உட்காரலாம்.

இங்கே முக்கியமானது ஒன்று உண்டு. ஒரே நேரத்துக்கு, ஒரே பார்க்குக்கு, தினமும் போகச் சொல்லுங்கள். பத்து பார்க்குக்கு ஒவ்வொரு தடவை போவதால் யாரும் பழகமாட்டார்கள். இங்கே யாரும் வலிய வந்து பேசமாட்டார்கள், ஆனால் மூன்றாவது நாளே தலையாட்டுவார்கள், ஏழாவது எட்டாவது நாள் "நான்சாய்?" என்று குழந்தையின் வயதைக் கேட்பார்கள். "யோன்சாய்", நாலு வயது, என்று சொல்லத் தெரிந்தால் போதும், அதில் இருந்துதான் எனக்கு எல்லாமே ஆரம்பித்தது.

மகளுக்கும் ஒரு வார்த்தை கற்றுக்கொடுங்கள்: "இரெதே". என்னையும் சேர்த்துக்கோ என்று அர்த்தம். இங்கே பிள்ளைகள் அதை ராகம் போட்டு இழுத்துச் சொல்வார்கள், "இ...ரெ...தே". மணலில் விளையாடுகிற மற்றப் பிள்ளைகள் அதே ராகத்தில் "ஈ...யோ" என்பார்கள், சரி வா என்று. "கஷிதே" என்றால் அந்த வாளியைக் கொஞ்சம் கொடு. இந்த இரண்டும் தெரிந்தால் மணல் தொட்டியில் ஒரு பிள்ளை தனியாக நிற்க வேண்டியதில்லை.

மழை நாளுக்கு (இப்போது த்சுயு, அதாவது மழைக்காலம், ஆரம்பித்துவிட்டதே) கசாய் ஸ்டேஷனில் தண்டவாளத்துக்குக் கீழேயே சிகாதெத்சு ஹகுபுத்சுகான், அதாவது சுரங்க ரயில் மியூசியம். பெரியவர்களுக்கு 220 யென், பிள்ளைகளுக்கு 100. உயெனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவில் 1927-ல் ஓடிய ஜப்பானின் முதல் சுரங்க ரயில் பெட்டியை, அந்த மஞ்சள் நிறத்தோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். ரயில் ஓட்டுகிற மாதிரிப் பெட்டியில் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். இதுவும் திங்கள் லீவு.

அதே ஸ்டேஷனில் காசே இல்லாமல் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அங்கே பூமிக்கடியில் சுமார் 9,400 சைக்கிள் நிறுத்துகிற இடம், அதில் பெரும்பகுதி இயந்திரமே எடுத்து வைப்பது. சைக்கிளைக் கொண்டுபோய்க் கதவுக்கு முன்னால் நிறுத்தினால் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். சாயங்காலம் கார்டைக் காட்டினால் நம் சைக்கிள் வெளியே வந்து நிற்கும். என் மகன் வருகிறவர் போகிறவர் சைக்கிளையெல்லாம் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றிருக்கிறான்.

வெயில் ஏறியதும் ஃபுருகாவா ஷின்சுய் கோவெனுக்குப் போங்கள். ஒரு காலத்தில் சாக்கடை மாதிரி ஆகிப்போன வாய்க்காலைச் சுத்தம் செய்து, குழந்தைகள் காலை நனைத்து விளையாடுகிற மாதிரி 1973-ல் திறந்தார்கள். ஜப்பான் முழுக்க இன்று இருக்கிற இந்த மாதிரித் தண்ணீர்ப் பூங்காக்களுக்கு இதுதான் முதல், அதுவும் நம் வார்டில். கணுக்கால் அளவுத் தண்ணீர், இரண்டு பக்கமும் மர நிழல். மாற்றுத் துணி ஒன்று கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குப்பை விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஸ்டிக்கர் பைக்கு ஒட்டியது, உங்களுக்கு இல்லை. எனக்கும் வந்திருக்கிறது, பக்கத்து வீட்டு ஜப்பானியருக்கும் வந்திருக்கிறது. காலை 8 மணிக்குள் வையுங்கள், முந்தின ராத்திரி வேண்டாம். காக்காய் கிழித்துவிடும். குப்பைப் பைகளின் மேல் மூடுகிற வலையின் ஓரத்தை நன்றாக உள்ளே மடித்து விடுங்கள். கட்டில், மெத்தை மாதிரிப் பெரிய சாமான் என்றால் முன்கூட்டியே பதிவு செய்து, 200 அல்லது 300 யென் சீட்டு எத்தனை வேண்டும் என்று கேட்டு வாங்கி ஒட்ட வேண்டும்.

அந்தக் கீழ் வீட்டுப் பாட்டியிடமே போகச் சொல்லுங்கள். இதை நிஜமாகத்தான் சொல்கிறேன். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் குப்பை அட்டவணையையும் எடுத்துக்கொண்டு போய், "கொரே வா?", அதாவது இது?, என்று காட்டிக் கேட்டால் போதும். கேட்கிறவர்களுக்குச் சொல்லித் தருவதில் இங்கே வயதானவர்களுக்கு இருக்கிற அக்கறையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. எனக்குச் சொல்லித் தந்தவர்தான் அப்புறம் தெருச் சங்கம் நடத்துகிற போன் ஓதோரிக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கோடையில் பார்க்கில் மேடை கட்டி, டிரம் அடித்து, சுற்றி வந்து ஆடுவார்கள். நம் ஊர்க் கும்மி மாதிரியேதான், வட்டத்தில் வெளியில் நின்று முன்னால் இருப்பவர் கையைப் பார்த்து ஆடினால் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் சேரலாம்.

இரட்டைமிதி எழுதியது:

மல்லிவிதை அக்கா சொன்னதற்கு மேல் ஒன்றே ஒன்று: சைக்கிள். நடந்து போனால் நிஷிகசாய், சைக்கிளில் போனால் எடோகாவா முழுக்க உங்களுக்குச் சொந்தம். ஊர் முழுக்க மேடு பள்ளம் இல்லாத தட்டையான நிலம், ஆற்றங்கரை முழுக்கப் பாதை.

ஆனால் ஒழுங்காக வாங்குங்கள். நான் ஊருக்குத் திரும்பிய நண்பர் ஒருவரின் பழைய சைக்கிளை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ராத்திரி போலீஸ்காரர் நிறுத்திப் பதிவு எண்ணைப் பார்த்தார், பெயர் வேறு. திருட்டு இல்லை என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது, நண்பருக்கு நடுராத்திரியில் போன் போட வேண்டியதாயிற்று. போஹான் தோரோகு என்று ஒரு திருட்டுத் தடுப்புப் பதிவு உண்டு, கைமாறினால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கினால் அவர்களே செய்து தருவார்கள். டோக்கியோவில் 2020 ஏப்ரலில் இருந்து சைக்கிள் இன்ஷூரன்சும் கட்டாயம். ஓட்டும்போது போனைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள், 2024 நவம்பரில் இருந்து அதற்கு 1 லட்சம் யென் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். ரெசிடென்ஸ் கார்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

மகளுக்குச் சைக்கிளின் பின்பக்கம் குழந்தை சீட், தலைக்கு ஹெல்மெட். முதலில் கசாய் ரின்காய் பார்க்குக்குப் போங்கள், கடல் வரைக்கும் நேராகப் போகிற பாதை. அங்கே இருக்கிற மீன் காட்சி சாலையில் பெரியவர்களுக்கு 700 யென், உங்கள் மகள் வயதுக்கு இலவசம். 2,200 டன் தண்ணீர் இருக்கிற வட்டத் தொட்டிக்குள் சூரை மீன் கூட்டம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், கண்ணாடியை ஒட்டி ஒவ்வொன்றும் திரும்புகிறபோது வெள்ளி மாதிரி மின்னும். புதன்கிழமை லீவு. மே 4, அக்டோபர் 1, அக்டோபர் 10 மூன்று நாளும் எல்லோருக்குமே இலவசம். 117 மீட்டர் ராட்டினமும் அங்கேதான், அதற்குத் தனி டிக்கெட்.

கொஞ்சம் பழகிய பிறகு எடோ ஆற்றங்கரையோடு வடக்கே மிதித்துக்கொண்டே ஷிபமாதா போய்ப் பாருங்கள். அங்கே தாய்ஷாகுதென் கோயில். தாய்ஷாகுதென் என்பது நம் இந்திரன்தான். கோயில் சுவர் முழுக்க மரச் சிற்பம். பின்னால் ஆற்றில் இன்னும் துடுப்பு போட்டு ஆளை அக்கரைக்குக் கொண்டுபோகிற படகு ஓடுகிறது. டோக்கியோவில் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொன்னால் என் ஆபீஸில் ஜப்பானியர்களே நம்பவில்லை.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை ஷினோசாகி பக்கம் ஆற்றங்கரையில் வாணவேடிக்கை. ஆரம்பிக்கிறபோதே 5 விநாடியில் 1,000 வெடி. சத்தத்துக்கு மகள் பயப்படுவாள் என்றால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். வெளிச்சம் எங்கிருந்தும் தெரியும்.

வல்லைவெளி எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது சைதாமாவில். அசாகுசா பார்த்து முடிச்சாச்சு என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். அந்தப் பெரிய சிவப்பு விளக்கு தொங்குகிற கோயிலில் இருந்து ஆற்றுப் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தால் மத்சுசியாமா ஷோதென் என்று ஒரு சின்னக் கோயில், ஒரு மேட்டின் மேலே. கூட்டமே இராது. அங்கே இருக்கிறவர் எங்கட பிள்ளையார். இங்கே அவருக்குக் காங்கிதென், ஷோதென் சாமா என்று பேர். சிலையைக் காட்டமாட்டினம், மூடித்தான் வைத்திருப்பினம். படையல் என்னவென்று நினைக்கிறீர்கள்? முள்ளங்கி. முழு வெள்ளை முள்ளங்கியை வாங்கி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் வைக்கிற சனத்தை நானே பார்த்தேன். படியில், சுவரில், எங்கே பார்த்தாலும் முள்ளங்கியும் காசுப் பையும் செதுக்கியிருக்கும். ஜனவரி 7-ல் முள்ளங்கித் திருவிழாவும் உண்டு.

நான் முதல் முறை போனது அம்மா ஊரில் சுகமில்லாமல் கிடந்த நேரம். தோப்புக்கரணம் போடலாமோ என்று யோசித்து, ஒருவரும் இல்லாத பக்கமாகப் போய் மூன்று போட்டேன். திரும்பினால் ஒரு வயதான ஐயா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன இது என்று கேட்டார். என் அரைகுறை மொழியில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னைப் போலவே காதைப் பிடித்து மெல்ல ஒன்று போட்டார். உங்கள் மனைவியையும் மகளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ.

கொள்ளிடக்கரை எழுதியது:

வல்லைவெளி, படித்து முடித்ததும் மனைவியிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. வெளியே போனால் அவள் என்ன சாப்பிடுவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

தயிர்சாதம் எழுதியது:

நானும் சைவம், ஒன்பது வருஷம். சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியே போகிற நாளில் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். 100 யென் கடையில் ஒரு விரிப்பு வாங்கி பார்க்கில் உட்கார்ந்து சாப்பிடுவது இங்கே எல்லோரும் செய்வதுதான், யாரும் ஒரு மாதிரி பார்க்கமாட்டார்கள். குப்பைத் தொட்டி இருக்காது, வீட்டுக்கே எடுத்து வர ஒரு பை வேண்டும். கை துடைக்கத் துண்டும் வேண்டும்.

கடையில் "சைவம்" என்று கேட்டால் பன்றி இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தருவார்கள், அவர்கள் மேல் தப்பு இல்லை, அப்படி ஒரு பழக்கமே அவர்களுக்குத் தெரியாது. "நிக்கு மோ சகானா மோ தபெமாசென்" என்று சொல்லுங்கள், இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன் என்று. அப்புறம் "தாஷி மோ", சமையலுக்கு அடிப்படையான சாறும் வேண்டாம், என்று சேருங்கள். சோபா, உதோன் என்கிற நூடுல்ஸ், மிசோ சூப் எல்லாவற்றிலும் அந்தச் சாறு கட்சுவோ மீனில் எடுத்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நான் முதல் வருஷம் முழுக்கத் தெரியாமல் உதோன் சாப்பிட்டேன், தெரிந்த அன்று அழுதுவிட்டேன். பாக்கெட் வாங்கும்போது போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள்.

மலை பிடிக்கும் என்றால் தகாவோ. ஷின்ஜுகுவில் இருந்து கெயோ லைனில் 500 யென்னுக்குள், ஒரு மணி நேரத்துக்குள். உயரம் 599 மீட்டர்தான். பாதி தூரம் கேபிள் கார், ஓரிடத்தில் 31 டிகிரி சாய்வு, ஜப்பானின் கேபிள் கார் பாதைகளிலேயே அதுதான் செங்குத்து. மகள் ஜன்னலோரம் உட்காரட்டும். மழைக்காலம் முடிந்து, வெயிலும் கொஞ்சம் தணிந்த பிறகு போங்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

மழையில் ரயில் மியூசியம் போனோம், மகள் அந்த மஞ்சள் பெட்டியை விட்டு வரமாட்டேன் என்றாள். சைக்கிள் அடுத்த மாதச் சம்பளத்தில். முள்ளங்கிப் பிள்ளையாரை வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம், அம்மாவும் பொண்ணும் நேற்றே கடையில் முள்ளங்கி பார்த்து வைத்துவிட்டார்கள். கோயிலிலேயே கிடைக்குமா, வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

கீழ் வீட்டுப் பாட்டியிடம் மனைவி தயிர் டப்பாவோடு போனாள். பாட்டி அதைக் கழுவி, மூடியைத் தனியாக எடுத்து, காகிதத்தை உரித்து, மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துக் காட்டினாராம். அப்புறம் இவள் அந்த மூன்றையும் திரும்பச் சேர்த்துப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டாராம். வரும்போது ஒரு பை நிறைய வெள்ளரிக்காய் கொடுத்து அனுப்பினார். இப்போது அவர் பெயர் எங்களுக்குத் தெரியும்.

பார்க்குக்குத் தினமும் காலை பத்து மணிக்குப் போகிறார்கள். போன வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். மணல் தொட்டியில் மூன்று பிள்ளைகள் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மகள் ஓரத்தில் நின்று, சட்டை நுனியைச் சுருட்டிக்கொண்டே, "இ...ரெ...தே" என்றாள். சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒரு பையன் நிமிர்ந்து பார்த்தான். "ஈ...யோ" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த பச்சை மண்வெட்டியை அவளிடம் நீட்டினான்.